சுரஞ்சன் தாஸ் யார் ஸார்?

பெங்களூரில் வேலை பார்த்தவர்களுக்கு சுரஞ்சன் தாஸ் ரோடு தெரிந்திருக்கும். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஆரம்பித்து, பழைய ஏர்போர்ட் ரோட்டில் போய் முட்டும். காலை ஒன்பதரை மணிக்கு அதில் மாட்டிக்கொண்டவன் முதலில் முன்னால் நிற்கிற லாரியைத் திட்டுவான். பிறகு மாநகராட்சியை. அப்புறம் மோட்டாரைக் கண்டுபிடித்தவனை. மணி பத்தாகும்போது, திட்ட வேறு ஆள் கிடைக்காமல், சுரஞ்சன் தாஸிடமே வந்துவிடுவான்.

அந்த ரோட்டில் நான் இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். யார் இந்த தாஸ் என்று விசாரித்ததில் கிடைத்த பதில்கள்:

ரூம்மேட் (திருநெல்வேலி): "பெங்காலிப் பேரால்லா இருக்கு? ரசகுல்லாக் கடை வச்சிருந்திருப்பாரு."

ஆட்டோ டிரைவர்: "யாரோ தியாகி ஸார். சும்மாவா பேரு வெப்பாங்க?"

ஆபீஸ் ஸீனியர்: "தெரிஞ்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறே? பாங்க் ரீகன்ஸிலியேஷன் முடிச்சாச்சா?"

சரியான பதில் அல்சூரில் எங்கள் வீட்டு ஓனரிடமிருந்து வந்தது. எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். வாடகை, தண்ணி மோட்டார் இரண்டைத் தவிர வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"டெஸ்ட் பைலட் தம்பி. நம்ம மருத் ப்ளேனை முதல்ல மேல கொண்டு போனவரு. அதுலயே போயிட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தூர்பா ரோட்டுக்குப் போனேன். விஸ்வேஸ்வரய்யா மியூஸியத்தின் வாசலில் ஒரு மருத் நிற்கிறது. முழுப் பெயர் எச்.எஃப்.-24 மருத். கூர்மையான மூக்கு, பின்னோக்கிச் சரிந்த இறக்கை, நெருக்கிப் பிடித்த இடுப்பு. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போல இருக்கிறது. பி.காம். படித்தவனுக்குக்கூட, இது அசுர வேகத்துக்குச் செய்த உடம்பு என்று பார்த்ததும் தெரியும். ஆனால் அந்த உடம்புக்கு ஏற்ற வேகத்தில் அது ஒருநாள்கூடப் பறக்கவில்லை. கதையே அதுதான்.

கதைக்குப் போவதற்கு முன்னால், டெஸ்ட் பைலட் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருவது போல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலைகீழாகப் பறந்து கதாநாயகியைப் பயமுறுத்துகிறவர் அல்ல. நம்மூரில் புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்க. டெஸ்ட் பைலட் செய்வதும் வெள்ளோட்டம்தான். ஒரே வித்தியாசம், தேர் நின்றுபோனால் கட்டையைப் போட்டுவிட்டு இறங்கி வரலாம். முப்பதாயிரம் அடியில் அந்த வசதி கிடையாது.

அவர் வேலை, விமானம் எதைச் செய்யும் என்பதைவிட எதைச் செய்யாது என்று கண்டுபிடிப்பது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் இறக்கை 'இனி என்னால் ஆகாது' என்று கைவிடுகிறது என்று பார்ப்பார். வேண்டுமென்றே பம்பரம் போலச் சுழலவிட்டு, மீள்கிறதா என்று பார்ப்பார். வேகத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். ஏனென்றால் ஏதோ ஒரு வேகத்தில் இறக்கையோ வாலோ துடிக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் சில விநாடிகளில் பிய்ந்துகூடப் போகலாம். அந்த வேகம் எது என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு சரியா என்று போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியது இவர். திரும்பி வந்து, நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். டிஸைன் செய்தவருக்கு மனசு கஷ்டப்படும், மந்திரிக்குக் கோபம் வரும் என்றெல்லாம் பார்க்கக் கூடாது.

இங்கேதான் எனக்கு இந்த ஆள்மேல் மரியாதை வர ஆரம்பித்தது. டிரையல் பாலன்ஸில் பதினேழு ரூபாய் இடித்தால் நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி எட்டு மணி வரை தேடிவிட்டு, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறோம். டெஸ்ட் பைலட்டுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் கிடையாது. சின்னதாக ஒரு அதிர்வு, லேசாக இடப்பக்கம் ஒரு இழுப்பு, அது ஏன் என்று தெரிந்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால், அடுத்த தடவை அது இவரை விடாது.

சுரஞ்சன் தாஸ் 1920 பிப்ரவரி 22-ல் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை. தந்தை சதீஷ் ரஞ்சன் தாஸ், வைஸ்ராய் கவுன்ஸிலில் சட்ட மெம்பராக இருந்தவர். டேராடூனில் இருக்கிற டூன் ஸ்கூல் அவர் கண்ட கனவு. மகன் நினைத்திருந்தால் கல்கத்தாவில் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். விமானப்படையில் சேர்ந்தார். டெஸ்ட் பைலட்டுகளுக்கான பள்ளி அப்போது இந்தியாவில் கிடையாது. 1973-ல்தான் பெங்களூரில் விமானப்படை அதை ஆரம்பித்தது. ஆகவே இங்கிலாந்துக்குப் போய், எம்பயர் டெஸ்ட் பைலட் ஸ்கூலில் படித்துத் தேறிய ஆரம்பகால இந்தியர்களில் இவர் ஒருவர். பிற்பாடு எச்.ஏ.எல்.லின் தலைமை டெஸ்ட் பைலட்.

இனி மருத். 1950-களில், சொந்தமாக ஒரு ஜெட் போர் விமானம் செய்தே தீருவது என்று இந்தியா முடிவெடுத்தது. சைக்கிளுக்கே நாம் திணறிக்கொண்டிருந்த காலம். தைரியம்தான். 1956-ல் ஜெர்மனிக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். குர்ட் டாங்க். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ்காரர்களைக் கலங்கடித்த ஃபோக்கெ-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். யுத்தம் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே ஒரு ஜெட் செய்து பார்த்துவிட்டு, பெங்களூர் வந்து சேர்ந்தார். தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கிற ரகம். தன் சமையலைத் தானே சாப்பிடுகிற சமையல்காரர் மாதிரி. நம்பலாம்.

முதலில் ஒரு வேடிக்கை செய்தார்கள். மருத்தின் அதே அளவில், அதே வடிவத்தில், மரத்தில் ஒன்று செய்தார்கள். எஞ்சின் கிடையாது. அதை ஒரு டகோடா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், உயரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே பைலட்டுகள் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கவேண்டும். மரத்தால் செய்த ஜெட் விமானம்! 1959-லிருந்து இப்படி 78 தடவை. 1961 ஜூனில் நிஜ மருத்தை எச்.ஏ.எல். ரன்வேயிலிருந்து முதன்முதலாக மேலே கொண்டு போனவர் சுரஞ்சன் தாஸ். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். அப்போது ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன். அவருக்குத் தலைகால் புரிந்திருக்காது.

அந்த சந்தோஷத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எஞ்சின்.

டாங்க் இந்த உடம்பை வரைந்தது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு. அதற்காக நம்பியிருந்தது ஆர்ஃபியஸ் 12 என்ற பிரிட்டிஷ் எஞ்சின். 8000 பவுண்டுக்கு மேல் தள்ளும் என்றார்கள். அந்த எஞ்சினுக்கு மற்ற கிராக்கிகள் கழன்றுகொள்ள, 'வேண்டுமானால் மிச்ச செலவை நீங்களே கொடுங்கள், செய்து தருகிறோம்' என்றது பிரிட்டன். டெல்லி கையை விரித்துவிட்டது. ஏற்கெனவே நம்மிடம் இருந்தது ஆர்ஃபியஸ் 703. குட்டி விமானமான நாட்டில் இருந்ததே, கிட்டத்தட்ட அதே குடும்பம். தள்ளுவது 4850 பவுண்டு. நாட்டுக்கு ஒன்று போதும். மருத்துக்கு இரண்டு போட்டும் போதவில்லை. பயில்வானுக்கு பள்ளிக்கூடப் பையனின் நுரையீரல். ஒலி வேகத்தின் வாசற்படி வரை போய் மூச்சு வாங்கியது.

எஞ்சினைத் தேடி அலைந்ததைத் தனிக் கதையாகவே எழுதலாம். எகிப்தில் நாஸர் ஆட்சியில் மற்றொரு ஜெர்மன் மேதை மெஸ்ஸர்ஷ்மிட் வரைந்த விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எஞ்சின் தயாராகிக்கொண்டிருந்தது, நல்ல டெஸ்ட் பைலட் இல்லை. நம்மிடம் டெஸ்ட் பைலட் உண்டு, எஞ்சின் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி ஒரு ஏற்பாடு. நம் விமானப்படையின் கபில் பார்கவா போய், 1964 மார்ச் 7-ல் எகிப்தின் எச்.ஏ.-300-ஐ முதன்முதலாகப் பறக்கவிட்டார். நம் மருத் ஒன்றும் அங்கே போய், அவர்கள் எஞ்சினை மாட்டிக்கொண்டு பறந்தது. 1969-ல் எகிப்து கடையைக் கட்டியது. சம்பந்தம் முறிந்தது.

மிச்சமிருந்த வழி, இருக்கிற எஞ்சினையே உசுப்பிவிடுவது. ரீஹீட் என்பார்கள். ஜெட் எஞ்சினின் பின்புறம் சீறி வருகிற சூடான வாயுவில் இன்னும் எரியாத ஆக்ஸிஜன் நிறைய இருக்கும். அதில் மேலும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தினால் கூடுதல் உதை கிடைக்கும். பெங்களூரில் இருக்கிற ஜி.டி.ஆர்.ஈ. என்ற நம் அரசு ஆராய்ச்சிக்கூடம் ஆர்ஃபியஸுக்கு ரீஹீட் செய்தது. 4850 பவுண்டு 5720 ஆனது. பதினெட்டு சதவீத இன்க்ரிமென்ட். நமக்குக் கிடைத்தால் ஆபீஸுக்கே பாதுஷா வாங்கித் தருவோம். ஆனால் மருத்துக்கு, ரீஹீட்டுக்காக வால்பக்கத்தை மாற்றியதில் காற்றின் எதிர்ப்பும் கூடிப்போய், வந்த இன்க்ரிமென்ட்டில் பாதி வருமான வரிக்குப் போன கதை. போதாததற்கு பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். காற்று லேசு. எந்த எஞ்சினும் சென்னையில் தள்ளுகிற அளவு அங்கே தள்ளாது.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் புதிதாகச் சம்பளப் பட்டியல் போடுகிற ஸாஃப்ட்வேர் வந்தது. முதலில் யார் உபயோகித்துப் பார்ப்பது? மானேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெரிய அக்கவுண்டன்ட் ஃபைலுக்குள் தலையைவிட்டார். அடுத்தவர் பாத்ரூம் போனார். கடைசியாக, சேர்ந்து மூன்று மாதமான பையனைக் கூப்பிட்டு, "நீ போட்டுப் பாருப்பா, ஏதாச்சும் ஆச்சுன்னா பார்த்துக்கலாம்" என்றார்கள். ஆயிற்று. பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. பையன்தான் மெமோ வாங்கினான். உங்கள் ஆபீஸிலும் இதுதான் நடந்திருக்கும். வெள்ளோட்டம் என்பது எப்போதும் கடைசிப் பையனின் வேலை. கையெழுத்து மட்டும் மேலே இருக்கிறவருடையது.

1970 ஜனவரி 10-ம் தேதி. எச்.ஏ.எல். ரன்வே. ரீஹீட் மாட்டிய மருத். அதில் ஏறி உட்கார்ந்தவர் சேர்ந்து மூன்று மாதமான பையன் அல்ல. தலைமை டெஸ்ட் பைலட், க்ரூப் காப்டன் சுரஞ்சன் தாஸ். இன்னும் ஆறு வாரம் போனால் ஐம்பது வயது நிறைந்திருக்கும். அந்த வயதிலும் அந்த ராங்க்கிலும் இருப்பவர்களுக்கு மேஜை உண்டு, ஃபோன் உண்டு, 'எப்படி இருந்ததென்று வந்து சொல்லுப்பா' என்று அனுப்ப இளைஞர்களும் உண்டு.

விமானம் கிளம்பியது. கிளம்பிய கையோடு விழுந்தது. தாஸ் தப்பவில்லை.

அந்த வருஷமே பத்மபூஷண் கொடுத்தார்கள், மறைவுக்குப் பின். ரோட்டுக்குப் பெயர் வைத்தார்கள். ரீஹீட் மருத் படையில் சேரவே இல்லை. பழைய எஞ்சின் போட்டதே 147 வரை கட்டப்பட்டு, 1990-ல் முற்றிலும் ஓய்வு பெற்றது.

மருத்தை உதவாக்கரை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் பக்கம் அது நன்றாகவே வேலை செய்தது. தரையிலிருந்து சுட்டதில் சில போயின. வானத்தில் எதிரி விமானத்தோடு மோதியதில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு எஞ்சின் அடிபட்டு, மற்றதை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவையும் உண்டு. தாழப் பறக்கும்போது அலுங்காமல் நிற்கும் என்று ஓட்டியவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். இந்தக் குணமெல்லாம் தானாக வந்துவிடாது. 1961-லிருந்து யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் மேலே போய், இது இடிக்கிறது, அது இழுக்கிறது என்று எழுதி எழுதிச் சரி பண்ணியதால் வந்தது. அந்த யுத்தத்தைப் பார்க்க தாஸ் இல்லை.

மருத்துக்குப் பிறகு நாம் சொந்தமாக வடிவமைத்த அடுத்த போர் விமானம் எப்போது பறந்தது தெரியுமா? 2001 ஜனவரி 4. தேஜஸ் என்று பின்னால் பெயர் வைத்தார்களே, அது. அதே பெங்களூர், அதே ரன்வே. ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால். நடுவில் நாற்பது வருஷம்! ஒரு ஆள் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ரிடையராகிற காலம். தேஜஸுக்கு எஞ்சின் எங்கிருந்து? அமெரிக்கா. ஆர்ஃபியஸுக்கு ரீஹீட் செய்த அதே ஜி.டி.ஆர்.ஈ. காவேரி என்று ஒரு எஞ்சினுக்காகப் பல வருஷம் பாடுபட்டது. தேஜஸில் அது ஏறவில்லை. காவேரி என்று பெயர் வைத்தால் பெங்களூரிலிருந்து சுலபத்தில் வராது என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். (ஜோக் பழசுதான். வருத்தம் அதைவிடப் பழசு.)

வெள்ளோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவர்களில் தாஸ் கடைசி ஆளும் அல்ல. 2009 மார்ச் 6-ல் பெங்களூரை அடுத்த பிடதி பக்கம் ஸரஸ் என்ற சிறிய பயணிகள் விமானம் விழுந்தது. நடுவானில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே அணைத்து, மறுபடி கிளப்பிப் பார்க்கிற சோதனை. இரண்டு பைலட்டுகளோடு, சோதனையை அளந்துகொண்டிருந்த இன்ஜினியர் ஒருவரும் இறந்தார். அவர் பெயர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. கூகுளில் தேடினால் ஆயிரம் பாட்டுகளுக்கு அடியில்தான் அவர் கிடைப்பார். 2019 பிப்ரவரி 1-ல் தாஸின் அதே எச்.ஏ.எல். ரன்வேயில், புதுப்பித்த மிராஜ் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய இரண்டு இளம் ஸ்குவாட்ரன் லீடர்கள் போனார்கள். நாம் டி.வி.யில் பார்த்தோம். 'ஐயோ பாவம்' என்றோம். சானல் மாற்றினோம்.

தாஸ் தலைமை டெஸ்ட் பைலட்டாக இருந்த காலத்தில், 1964 செப்டம்பரில், எச்.ஏ.எல்.லிலிருந்து இன்னொரு விமானமும் முதன்முதலாகப் பறந்தது. பயிற்சிக்கான ஒரு சாதாரண ஜெட். சண்டை போடாது, பேப்பரில் பெயர் வராது. பறக்கக் கற்றுக்கொள்ள வந்த பையன்கள் பல தலைமுறைக்கு அதில்தான் ஜெட் ஓட்டிப் பழகினார்கள். அதற்குக் கிரண் என்று பெயர். 1996-ல் விமானப்படை ஒரு சாகசக் குழு அமைத்தபோது அந்தக் கிரண்களை வைத்தே அமைத்து, சூர்ய கிரண் என்றார்கள். 2011-ல் கிரண்கள் அந்த வேலையிலிருந்து விலகின. குழு இப்போது ஹாக் ஜெட்டுகளில் பறக்கிறது. பெயரை மட்டும் மாற்றவில்லை.